ஜப்பான் அம்மாவின் இடுப்பளவு

கோமதி அம்மன் சன்னதியில் நின்று சர்வேயர் கைலாசநாதன் ஒரு சபதம் எடுத்தார். குண்டாகிவிடுவது.

ஊரே வயிற்றைக் குறைக்க விடியுமுன் எழுந்து ரோட்டில் கைவீசி நடந்துகொண்டிருக்கிறது. வயிற்றை வளர்த்துக் கொடு தாயே என்று வேண்டிக்கொண்டவர் இவர் ஒருவர்தான். அம்மனுக்கே இந்த விண்ணப்பம் புதிதாக இருந்திருக்கும். மனைவி பிரம்மநாயகி பிரசாதப் புற்றுமண் எடுக்கப் போன நேரம் பார்த்து, கண்ணை இறுக மூடி, கையைத் தலைக்கு மேலே தூக்கி, மனமுருக வேண்டினார். அர்ச்சனைத் தேங்காயில் ஒரு மூடியைக் கோயில் வாசலிலேயே சில்லுச் சில்லாகப் பெயர்த்துத் தின்றுவிட்டுத்தான் செருப்பை மாட்டினார்.

காரணம் வெளியே சொல்லக்கூடியதாக இல்லை. சொன்னால் மானம் ஒரேயடியாகப் போகும். சொல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமைதோறும் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். போய்க்கொண்டுதான் இருந்தது.

கைலாசநாதன் வெளியே பெரிய மனிதர். கரிவலம்வந்தநல்லூர்ப் பக்கம் அவர் அளவுச் சங்கிலியோடு வரப்பில் இறங்கினால், அரிவாளைத் தேடிக்கொண்டிருந்த அண்ணன் தம்பிகள்கூட வாயை மூடிக்கொள்வார்கள். ஆள் சிறுகூடு. உயரமும் குறைவு. அதை ஈடுகட்ட மீசையைப் பெரிதாக வைத்திருந்தார். ஒரு முனையில் நின்று அவர் அளவைக் கத்திச் சொன்னால் மறுமுனையில் இருப்பவருக்கு மட்டுமல்ல, பக்கத்து ஊர்க் கிணற்றடிக்கும் கேட்கும். ஊரை அளக்கிற அந்த மனிதரை வீட்டில் பிரம்மநாயகி அளந்தாள்.

பிரம்மநாயகி பி.காம். படித்தவள். தையலும் படித்தவள். கல்யாணமான புதிதில் ஜாக்கெட் தைத்தாள். கழுத்து தொளதொள, கை இறுக்கம் என்று தெருப் பெண்கள் கொண்டுவந்த பஞ்சாயத்தில் அலுத்துப்போய்க் கொஞ்ச காலம் மெஷினை மூடி வைத்தாள். பிறகு செல்போனில் எதையோ பார்த்தாள். மெஷின் உறை மறுபடி விலகியது.

“இதுக்குப் பேரு லோலிட்டா,” என்று போனை நீட்டினாள்.

“மாத்திரை பேரு மாதிரில்லா இருக்கு.”

“ஜப்பான் பேஷன். பெங்களூர்ல, கொச்சியில பெரிய பெரிய வேலை பாக்குற பொம்பளையள் ஞாயித்துக்கெழமை ஆனா இதைப் போட்டுக்கிட்டு, நாலு பேராச் சேந்து டீ குடிக்கப் போவாக.”

“டீ குடிக்கதுக்கா இந்தப் பாடு? பஸ் ஸ்டாண்டுல நான் நிமிசத்துல குடிச்சிட்டு வாரேன்.”

“அதான் ஒங்களுக்கு எவனும் கப்பு சாசர்ல தர மாட்டேங்கான்.”

அந்த உடுப்பைச் சொல்லால் விளக்குவது கஷ்டம். ஆடித் தேருக்குத் துணி கட்டிப் பார்த்தவர்களுக்குப் புரியும். முழங்காலுக்குக் கீழே இறங்கும் பாவாடை, குடை மாதிரி விரிந்து நிற்கும். அது தானாக விரியாது. உள்ளே வலைத்துணியில் அடுக்கடுக்காக இன்னொரு பாவாடை முட்டுக்கொடுக்கும். விளிம்பெல்லாம் சுருக்கு. சுருக்குக்கு மேல் லேஸ். லேஸுக்கு மேல் ரிப்பன் முடிச்சு. கழுத்தைச் சுற்றி வட்டக் காலர். தலைக்கு, தாடையில் நாடா கட்டி நிறுத்துகிற ஒரு தொப்பி. கையில் குட்டிக் குடை. மழைக்கும் ஆகாது, வெயிலுக்கும் ஆகாது, அழகுக்கு.

பிரம்மநாயகி சங்கரன்கோவில் கட்டம்போட்ட காட்டன் சேலையை வெட்டி இதைத் தைத்தாள். பக்கத்து வீட்டுப் பெண் ரூபியா, லேஸ் வைத்துத் தொப்பியும், துணியில் ரோஜாப் பூவும், முடிச்சுகளும் செய்தாள். படத்தைப் போனில் போட்டார்கள். பெங்களூரிலிருந்து ஒருத்தி உடனே வேண்டும் என்றாள்.

எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கைலாசநாதன்தான் வாயைக் கொடுத்தார்.

“தையல் பொம்மை ஒண்ணு வாங்கணும். போட்டுப் பாக்கணும்லா,” என்றாள் பிரம்மநாயகி.

“தலையில்லாத முண்டத்தையா வீட்டுக்குள்ள நிப்பாட்டச் சொல்லுத? காலையில நான் அதுலயா முழிக்கணும்? நடக்காது.”

“அப்ப தலையுள்ளதாப் பாக்க வேண்டியதுதான்,” என்று பிரம்மநாயகி அவரை மேலும் கீழும் பார்த்தாள். கழுத்தில் கிடந்த டேப்பை உருவினாள். நெஞ்சில் ஒரு சுற்று. இடுப்பில் ஒரு சுற்று. தோளுக்குத் தோள். அவள் முகம் மலர்ந்தது.

“இங்கருங்க. பெங்களூர்க்காரிக்கும் ஒங்களுக்கும் இடுப்பு ஒண்ணுபோல இருக்கு.”

இருபது வருஷ சர்வீஸில் கைலாசநாதன் எத்தனையோ அளவுகளைக் கேட்டிருக்கிறார். இவ்வளவு அவமானமான அளவைக் கேட்டதில்லை.

அன்றிலிருந்து ஞாயிறு மத்தியானம் ஜன்னல்கள் அடைபடும். நெஞ்சுப் பக்கம் இரண்டு பூத்துவாலையைச் சுருட்டி வைத்து, கைலாசநாதனை உடுப்புக்குள் இறக்குவார்கள். ரூபியா வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு அவரைச் சுற்றிச் சுற்றி வருவாள். ஊசி வாயோடு சிரிக்கவும் அவளுக்குத் தெரியும்.

“அண்ணாச்சி, மீசை நாடாவுல மாட்டுது. கொஞ்சம் தூக்கிப் பிடிங்க.”

“ஏட்டி ரூபியா, அந்த முடிச்சை இன்னும் ஒரு விரக்கட இறக்கு. ஏங்க, கையைத் தூக்குங்க. டீ குடிக்க மாதிரி. சுண்டுவிரல் நீளணும்.”

சுண்டுவிரலை நீட்டினார்.

இரண்டாம் வாரமே கைலாசநாதன் சரணடைந்துவிட்டார். “பொம்மையை நானே வாங்கித் தாரேன். மதுரையில கெடைக்கி.”

“இனிமே எதுக்கு? பொம்மை உக்காராது. உக்காந்தா எங்கன இறுக்குதுன்னு அதுக்குச் சொல்லத் தெரியாது. நீங்க அழகாச் சொல்லுதீக.”

“எனக்கு முடியாது பிரம்மு. வெளிய தெரிஞ்சா நான் வரப்புல நிக்க முடியுமா?”

“சரி, வேண்டாம். ஒங்க தம்பி பொண்டாட்டிகிட்டக் கேக்குதேன். அவளும் இந்த அளவுதான். இம்புட்டு நாளும் யாருக்குப் போட்டுப் பாத்தேன்னு அவ கேப்பா. பொய் சொல்ல எனக்கு வராது.”

கைலாசநாதன் கையைத் தூக்கினார். சுண்டுவிரல் தானாக நீண்டது.

அவமானம் பழக்கமாகிவிட்டால் ஆபத்து. ஒருநாள் ஆபீஸில் மேலதிகாரி முன்னால் நாற்காலியில் உட்காரப் போனவர், உட்காருமுன் பின்பக்கம் கையைக் கொடுத்து, இல்லாத பாவாடையை நீவிவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார். மேலதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார். “முதுகு வலி சார்,” என்றார் கைலாசநாதன். காது மடல் சாயங்காலம்வரை சுட்டது.

அதையும் தாங்கிக்கொண்டிருப்பார். வெள்ளத்துரை வராமல் இருந்திருந்தால்.

வெள்ளத்துரை கரிவலம்வந்தநல்லூரில் வயல் வைத்திருக்கும் சம்சாரி. பங்காளியோடு எல்லைக்கல் தகராறு. ஒரு ஞாயிற்றுக்கிழமை மனுவோடு வீட்டுக்கே வந்துவிட்டார். கதவைத் தட்டினார். திறக்கவில்லை. சர்வேயர் தூங்குகிறாரோ என்று ஜன்னல் பலகையைத் தள்ளினார். அது ரூபியா கொக்கி போட மறந்த ஜன்னல்.

உள்ளே நாற்காலியில், முதுகைக் காட்டிக்கொண்டு, வெண்ணிறத் தொப்பியும் ரோஜாப்பூவும் விரிந்த பாவாடையுமாக ஓர் உருவம் சுண்டுவிரல் நீட்டி டீ குடித்துக்கொண்டிருந்தது.

“யாரு விருந்தாளியா?” என்றார் வெள்ளத்துரை மரியாதையாக.

கைலாசநாதன் கப்பை வாயிலிருந்து எடுக்கவில்லை. திரும்பினால் மீசை. எழுந்தால் கால்.

“ஜப்பான்லருந்து வந்திருக்காக,” என்றாள் ரூபியா. “தமிழ் தெரியாது. வணக்கம் மட்டும் வைப்பாக.”

தொப்பி, திரும்பாமலே, மெள்ளக் குனிந்து நிமிர்ந்தது.

“நல்ல அடக்கமான அம்மா,” என்று வெள்ளத்துரை பதிலுக்கு ஜன்னலுக்கு வெளியே கும்பிட்டார். “சர்வேயர் ஐயாவை எங்க?”

“அவுக வெளிய போயிருக்காக,” என்றாள் பிரம்மநாயகி. அவள் குரலில் ஒரு சுருக்கம் இல்லை. எல்லாச் சுருக்கமும் கைலாசநாதன் இடுப்பில் இருந்தது.

மறுநாள் வெள்ளத்துரை புண்ணியத்தில் ஆபீஸ் முழுக்க ஜப்பான் அம்மா. ஜப்பான் அம்மா என்ன சாப்பிடுவார்கள், எத்தனை நாள் இருப்பார்கள், நம் கோயிலுக்குக் கூட்டிப்போனீர்களா என்று கேள்வி. பியூன்கூட, “ஒரு போட்டோ எடுத்துக்கிடலாமா சார்?” என்றார். கைலாசநாதன் தலைகுனிந்து சர்வே படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதைத் தலைகீழாக வைத்திருந்தார் என்பதைச் சாயங்காலம்தான் கவனித்தார்.

அன்றைக்குத்தான் அவருக்குள் இருந்த சர்வேயர் விழித்துக்கொண்டார்.

தைத்த துணி நட்ட கல் மாதிரி. நகராது. ஆனால் உள்ளே இருக்கிற நிலம் பெருத்துவிட்டால்? கல்லுக்கு அந்தப் பக்கமும் வழிந்துவிட்டால்? அளவு ஒத்துப்போகாத இடத்தில் யாரும் வந்து நிற்க மாட்டார்கள். சண்டையில்லை. மறுப்பில்லை. தம்பி பொண்டாட்டிக்குத் தெரிய வேண்டியதில்லை. ‘என்ன செய்ய பிரம்மு, உடம்பு வச்சிட்டு’ என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான். அடுத்த வெள்ளிக்கிழமை கோயில். சபதம். தேங்காய்.

ரூபியாவின் கணவர் முகம்மது யூசுப் பரோட்டாக் கடை வைத்திருந்தார். ஆபீஸ் விட்டதும் கைலாசநாதன் அங்கே போய், வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வார். முதுகைக் காட்டி உட்காருவது இப்போது அவருக்கு நன்றாக வந்தது.

“யூசுப், நான் இங்கன வாரது வீட்டுக்குத் தெரியக் கூடாது பாத்துக்க.”

“நான் ஏன் அண்ணாச்சி சொல்லப் போறேன். மட்டன் கோலா உருண்டை ரெண்டு வைக்கட்டா?”

“வை.”

“சால்னா, மேல எண்ணெய் மெதக்கதா ஊத்தவா?”

“மெதக்கதாவே ஊத்து.”

யூசுப் முகத்தில் ஒரு திருப்தி. சாப்பிடுகிறவரைப் பார்த்துப் பரோட்டாக் கடைக்காரருக்கு வருகிற திருப்திதான் என்று கைலாசநாதன் நினைத்தார்.

வீட்டுக்கு வந்தால், கைகழுவிய வாசனை தெரியாமலிருக்க வெற்றிலை. பிரம்மநாயகி கவலையோடு பார்ப்பாள்.

“என்னங்க, வாடிப்போயிட்டீக. வெயில்ல அலைஞ்சு அலைஞ்சு எலும்பு தெரியுது.” உளுந்தங்களியில் குழி பறித்து நல்லெண்ணெயை ஊற்றி, கருப்பட்டியை உடைத்துப் போட்டு முன்னால் வைப்பாள். “இடுப்புக்குப் பலம். சாப்பிடுங்க.”

கைலாசநாதன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ஒன்றும் அறியாதவள். இவளையா ஏமாற்றுகிறோம்? வெட்கத்தோடு சாப்பிட்டார். வெட்கத்தோடு இன்னொரு உருண்டையும் சாப்பிட்டார்.

உடம்பு வேலையைக் காட்டியது. முதலில் பெல்ட்டில் புது ஓட்டை. அப்புறம் பேண்ட் கொக்கி. ஒருநாள் வெள்ளத்துரை நிலத்தில் வாய்க்காலைத் தாண்டக் காலை எடுத்துவைத்தவர் தாண்டாமல் வாய்க்காலுக்குள்ளேயே நின்றார். பங்காளிகள் இரண்டு பேரும் சேர்ந்துதான் தூக்கிவிட்டார்கள். அத்தோடு அவர்கள் சமாதானமாகிவிட்டார்கள் என்று கேள்வி.

அடுத்த ஞாயிறு, பெங்களூர்க்காரியின் புது உடுப்பு தயாராக இருந்தது. கைலாசநாதன் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டே கையைத் தூக்கினார். உடுப்பு தலைவழி இறங்கியது. தோளில் நின்றது. ‘ஆச்சு’ என்று நினைத்தார். முதுகுப்பக்கம் பிரம்மநாயகி எதையோ இழுத்தாள். உடுப்பு ரப்பர் மாதிரி விரிந்து இடுப்பில் போய் உட்கார்ந்தது.

“என்னட்டி இது, விரியுது?”

“பின்பக்கம் முழுக்க எலாஸ்டிக் வச்சுச் சுருக்கியிருக்கேன். நாடா போட்டு இறுக்கிக்கிடலாம், தளத்திக்கிடலாம். இந்த டிரெஸ்ஸுல அதான் விசேசம். கொஞ்சம் முன்னப் பின்ன இருந்தாலும் தாங்கும்.”

எந்த எல்லைக்கல்லும் இப்படி நடந்துகொண்டதில்லை. கைலாசநாதன் மனம் தளரவில்லை. எலாஸ்டிக்குக்கும் ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையை மீறுவது என்று முடிவு செய்தார்.

யூசுப் கடையில் இப்போது அவர் கேட்பதற்கு முன்னால் தட்டு வந்தது. வீட்டில் களிக்குப் பக்கத்தில் நெய்யும் வந்து உட்கார்ந்தது. வயல் வரப்பில், யாருமில்லாதபோது, வேப்ப மரத்தின் பின்னால் நின்று நிலம் அளக்கும் டேப்பாலேயே இடுப்பை அளந்துகொள்வார். டேப் ஒவ்வொரு தடவையும் நல்ல செய்தி சொன்னது. கண்ணாடியில் தாடைக்குக் கீழே இன்னொரு தாடை தெரிந்தது. மீசை சிறுத்துப்போன மாதிரி இருந்தது.

கடைசியில் அந்த ஞாயிறு வந்தது. பிரம்மநாயகி புதிதாக ஒன்றைத் தைத்து முடித்திருந்தாள். மயில்நீலம். காலர் ஓரம் முழுக்க ரூபியா கோத்த முத்து.

“இது எனக்குச் சேராது பிரம்மு,” என்றார் கைலாசநாதன், வருத்தமாக இருப்பதுபோல. “உடம்பு வச்சிட்டு. என்ன செய்ய? நீ வேற ஆளைத்தான் பாக்கணும்.”

“போட்டுத்தான் பாப்பமே.”

“கிழிஞ்சா என்னைச் சொல்லக் கூடாது.”

“சொல்ல மாட்டேன்.”

கையைத் தூக்கினார். உடுப்பு இறங்கியது. தோளில் நிற்கவில்லை. நெஞ்சில் பிடிக்கவில்லை. இடுப்பில் இறுக்கவில்லை. எண்ணெயில் வழுக்கியதுபோல இறங்கி, அவருக்கென்றே பிறந்ததுபோல நின்றது. எலாஸ்டிக்கை இழுக்கவேண்டிய வேலையே இல்லை. பூத்துவாலைகளையும் ரூபியா திருப்பி அலமாரியில் வைத்துவிட்டாள்.

“இது தேவைப்படல அண்ணாச்சி,” என்றாள்.

கைலாசநாதன் நாற்காலியில் உட்கார்ந்தார். பின்பக்கம் நீவிவிட்டுக்கொண்டுதான் உட்கார்ந்தார்.

அந்த நேரம் வாசலில் வெள்ளத்துரை. எல்லைத் தகராறு தீர்ந்த சந்தோஷத்தில் ஒரு குலை நுங்கோடு வந்திருந்தார். ரூபியா திறந்துபோட்ட கதவு வழியாக உள்ளே பார்த்தவர், முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த தொப்பியைக் கண்டதும் செருப்பைக் கழற்றினார்.

“ஜப்பான் அம்மா இன்னும் ஊருக்குப் போகலையா?”

“போகலை அண்ணாச்சி. இங்கனயே பிடிச்சுப் போச்சு,” என்றாள் பிரம்மநாயகி.

“அதான பாத்தேன். போன தடவைக்கு இப்ப நல்லாச் சதை போட்டுட்டாக. நம்மூரு சாப்பாடு ஒத்துக்கிட்டு.” நுங்கை வாசலில் வைத்தார். “இதையும் அவுகளுக்கே வெட்டிக் குடுங்க. ஐயா வெளிய போயிருக்காகளா?”

“போயிருக்காக.”

தொப்பி மெள்ளக் குனிந்து நிமிர்ந்தது. அதற்குள் இருந்த மனிதருக்கு, அப்படியே குனிந்த தலை நிமிராமல் பூமிக்குள் போய்விட்டால் தேவலை என்றிருந்தது.

வெள்ளத்துரை போனதும் கைலாசநாதன் திரும்பினார். வியர்வையில் மீசை ஒட்டியிருந்தது.

“பிரம்மு, இது எப்படி எனக்குச் சேந்துச்சு?”

“ஒங்க அளவுக்குத் தச்சா ஒங்களுக்குச் சேராம? கொச்சியில ஒரு டாக்டரம்மா. நல்ல ஆகிருதி. ரொம்ப நாளாக் கேட்டுக்கிட்டிருந்தாக. அந்த அளவுக்கு நம்மகிட்ட ஆள் இல்லைன்னு நான்தான் தள்ளிப் போட்டுக்கிட்டே வந்தேன். அன்னைக்குக் கோயில்ல வச்சுத்தான் சரின்னு சொன்னேன்.”

“கோயில்லயா?”

“குண்டாகணும்னு வேண்டிக்கிட்டீகளே. புத்துமண் எடுத்துட்டுப் பின்னாலதான நின்னேன். மனசுக்குள்ள வேண்டுதோம்னு நெனைச்சுக்கிட்டு, வரப்புல அளவு சொல்லுத மாதிரில்லா கத்துனீக. பூசாரிகூட ஒரு நிமிசம் மணியை நிப்பாட்டிட்டாரு.”

ரூபியா ஊசிகளைக் கவ்வியபடி சொன்னாள். “எங்க வீட்டுக்காரரு பாவம் அண்ணாச்சி. ஒங்களுக்குன்னு சால்னாவுல எண்ணெயைக் கூட்டி, கோலாவைப் பெருசா உருட்டி, அளவு வரணுமேன்னு ஒரே கவலை. தெனமும் அக்காகிட்ட வந்து, இன்னைக்கு எத்தனை உள்ள போச்சுன்னு சொல்லிட்டுத்தான் போவாக.”

களி. நெய். கருப்பட்டி. ‘இடுப்புக்குப் பலம்.’ எல்லாம் கைலாசநாதனுக்கு வரிசையாக ஞாபகம் வந்தது. ஒன்றும் அறியாதவளை ஏமாற்றுகிறோமே என்று வெட்கத்தோடு சாப்பிட்டதும் ஞாபகம் வந்தது. அதுதான் எல்லாவற்றையும்விட வெட்கமாக இருந்தது.

பிரம்மநாயகி நுங்கை வெட்டி, கிண்ணத்தில் போட்டு, அவர் முன்னால் வைத்தாள். அவர் தொடவில்லை. கண்ணை மூடினார். இந்தத் தடவை வாயை இறுக்கிப் பூட்டிக்கொண்டு, மனசுக்குள்ளேயே, சத்தமில்லாமல், ஒரு புதுச் சபதம் எடுத்தார். உதடு மட்டும் கொஞ்சம் அசைந்திருக்கும்.

“மெலிஞ்சா மெலிங்க,” என்றாள் பிரம்மநாயகி, அவர் தாடைக்குக் கீழே நாடாவைச் சரிசெய்துகொண்டே. “பெங்களூர்க்காரி இன்னொண்ணு கேட்டிருக்கா.”